கணுக்கால் தண்ணீர்க்காரி ஆற்றில் இறங்கியது

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நம் பங்கு ஆண்டு மலரில் இதுவரை வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதியவர்கள் டீச்சர்கள், இன்ஜினீயர்கள், ஒருவர் டாக்டர். அவர்கள் எழுதியதில் பண்பாடு இருந்தது, பொருளாதாரம் இருந்தது. எனக்கு அதெல்லாம் வராது. மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிக்கக் கூப்பிட்டாலே தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டவள் நான். அப்போது பங்கில் இருந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும்.

ஆனால் மலர் வேலையைப் பார்க்கும் தம்பி மூன்று முறை வாட்ஸாப்பில் கேட்டுவிட்டார். "அக்கா, நீங்க நியூசிலாந்து போயி பதினாலு வருஷம் ஆயிடுச்சு. ஒரு பக்கமாவது எழுதுங்க. எது வேணா எழுதுங்க" என்றார். எது வேண்டுமானாலும் என்று சொன்னது அவர். அதனால் பழி அவர் மேல். நான் ஒரு பேண்ட்டைப் பற்றி எழுதப் போகிறேன்.

2

நாங்கள் இருப்பது தெற்குத் தீவில் ஒரு சின்ன ஊர். என் வீட்டுக்காரர் சீஸ் தொழிற்சாலையின் குளிர்க்கிடங்கில் வேலை பார்க்கிறார். நான் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் இருக்கிறேன். காலை ஆறே முக்காலுக்குப் போனால் மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. என்னைப் போல் கூச்சப்படுகிறவளுக்கு இதைவிட நல்ல வேலை உலகத்தில் கிடையாது.

எங்கள் ஒரே மகள் ரெஜினா. மரக்காணத்தில் பிறந்தவள், ஆறு வயதில் இங்கே வந்தாள். இப்போது இருபது. வந்த புதிதில் தமிழில் என் காதைத் தின்றவள், பிறகு நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அப்புறம் பதிலே சுருங்கிப் போனது. "ஃபைன்." "ஓகே." "லேட்டர்."

அவளை மட்டும் குறை சொல்லக் கூடாது. பள்ளிக்கூட முகாம், நீச்சல் போட்டி, பெற்றோர் நாள் என்று அவள் எதற்குக் கூப்பிட்டாலும் நான் ஒரே வாக்கியம்தான் வைத்திருந்தேன். "நீ போ கண்ணு, நான் வரலை." அங்கே போனால் யாராவது வந்து கை கொடுத்துப் பேசிவிடுவார்களே என்ற பயம். அவள் ஏழாவது படிக்கும்போது கூப்பிடுவதை நிறுத்தினாள். அதை நான் கவனித்தேன். கவனித்தும் வேலை மிச்சம் என்று நிம்மதியாக இருந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதினைந்து வயதில் அவளுக்கு மீன் பிடிக்கும் கிறுக்குப் பிடித்தது. நம் அனுமந்தைக்காரர்கள் கட்டுமரத்தில் போய் வலை வீசுவது போல நினைக்காதீர்கள். இது வேறு. கோழி இறகு, நூல், முடி இவற்றால் பூச்சி மாதிரி ஒன்று செய்து தூண்டில் முள்ளில் கட்டி, ஆற்றின் நடுவில் நின்றுகொண்டு அதைக் காற்றில் வீசி வீசி விளையாடுவார்கள். மீன் ஏமாந்து கடிக்கும். பிடித்த மீனைக் கொஞ்சிவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள்! முதல் நாள் அவள் வெறுங்கையோடு வந்து, "ஃபோர் பிடிச்சேம்மா" என்றபோது, பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

இந்த மார்ச் மாதம் அவளுக்கு வடக்கே, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போகிற தூரத்தில் வேலை கிடைத்தது. ஆறுகளில் மீன் எண்ணும் வேலை. அதற்குப் படிப்பு இருக்கிறதாம், அவள் படித்தும் விட்டாளாம். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கையில் கதவோரம் வந்து நின்றாள்.

"ம்மா. சாட்டர்டே ரிவருக்குப் போறேன். நீ வர்றியா?"

கையில் இருந்த கடுகு பாதி அடுப்பில் விழுந்தது. எட்டு வருடம் கழித்துக் கூப்பிடுகிறாள், அதுவும் தமிழில்.

"வர்றேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை, வாய் சொன்னது.

அவளும் எதிர்பார்க்கவில்லை. "ரியலி? ஆனா கரையில நின்னு டிபன் பாக்ஸ புடிச்சிக்கிட்டு பாக்கிறதுன்னா வேணாம்மா. தண்ணியில என் பக்கத்துல நிக்கணும். பனி உருகி வர்ற தண்ணி, ஐஸ் மாதிரி இருக்கும். வேடர்ஸ் வேணும், பூட்ஸ் வேணும். என்னோடது உனக்கு சேராது. வாங்கிடு" என்றாள்.

தண்ணீரில் நிற்க வேண்டும் என்றது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உப்பளத்துக்காரி. எங்கள் தண்ணீர் கணுக்கால் தண்ணீர். அதற்கு மேல் ஏறினால் அது கடல், அது அனுமந்தைக்காரர்களுடையது என்று வளர்ந்தவள். எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் இந்தத் தடவை "நீ போ" என்று சொன்னால் அவள் நிஜமாகவே போய்விடுவாள். அதற்கப்புறம் கேட்கமாட்டாள். இது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

3

வியாழக்கிழமை வேலை முடிந்து தனியாகவே தூண்டில் கடைக்குப் போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். "ஐ நீட் வேடர்ஸ் ஃபார் அ ஷார்ட் லேடி." கடைக்குள் நுழைந்ததும் அதில் "லேடி" மட்டும்தான் வெளியே வந்தது.

கடையில் இருந்தது என் வயதுப் பெண். சிவந்த முகம், பெரிய கை. என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். பார்த்ததிலேயே அளவெடுத்துவிட்டாள் போல. "வேடிங்?" என்றாள். தண்ணீரில் இறங்கவா என்று கேட்கிறாள் என்று புரிந்து தலையாட்டினேன்.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். வேடர்ஸ் என்பது மார்பு வரை வரும் தண்ணீர் புகாத பேண்ட். தோளில் பட்டி போட்டு மாட்ட வேண்டும். அதில் இரண்டு ஜாதி. ஒன்றில் பூட்ஸும் சேர்ந்தே ஒட்டியிருக்கும். மாட்டுவது சுலபம், ஆனால் உள்ளே கால் ஆடும், கல்லில் நடந்தால் பிரளும். இன்னொன்றில் நுனியில் தடித்த காலுறை மட்டும் இருக்கும், அதன் மேல் தனியாக பூட்ஸ் போட்டுக் கட்ட வேண்டும். அதில் பிடிமானம் நன்றாக இருக்கும். துணியிலும் இரண்டு. ரப்பர் மாதிரித் தடியானது சூடாக இருக்கும், வியர்த்துக் கொட்டும். மெல்லியது மூச்சு விடும், ஆனால் உள்ளே கம்பளி போட்டுக்கொள்ள வேண்டும். என் இடுப்பையும் கால் நீளத்தையும் பார்த்துவிட்டு, அவள் பெண்களுக்கான மெல்லியது ஒன்றை எடுத்தாள். அளவுச் சீட்டில் குட்டை, அகலம் என்ற பொருளில் இரண்டு எழுத்து போட்டிருந்தது. நாற்பத்தெட்டு வயதில் என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

சுடிதாருக்கு மேலேயே அதை மாட்டச் சொன்னாள். மாட்டியதும் உட்கார்ந்து எழச் சொன்னாள், ஸ்டூலில் ஒரு காலைத் தூக்கி வைக்கச் சொன்னாள். முழங்கால் பிடிக்கக் கூடாதாம். நான் கடை நடுவில் தோப்புக்கரணம் போட்டேன். கண்ணாடியில் பார்த்தால் தார்ப்பாய் போர்த்திய உப்புக் குவியல் ஒன்று எழுந்து எழுந்து உட்காருகிறது. சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அப்புறம் பயம் கொஞ்சம் விட்டது.

ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னாள். இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. தடுக்கி விழுந்தால் மேலிருந்து புகும் தண்ணீரைப் பெல்ட்தான் நிறுத்தும். சொல்லிவிட்டு அவளே என் இடுப்பில் கட்டியும் காட்டினாள்.

பிறகு பூட்ஸ். கம்பளிப் பட்டை வைத்த அடி சில நாடுகளில் உண்டாம், வழுக்காதாம். ஆனால் ஒரு ஆற்றுப் பாசியை இன்னொரு ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும் என்று இங்கே தடை. எனவே ரப்பர் அடி. ஐந்து ஜோடியை வரிசையாக வைத்துவிட்டு, வேறு ஆளைக் கவனிக்கப் போனாள்.

நான் முதல் ஜோடியை எடுத்தேன். பக்கவாட்டில் ஓட்டை! வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தேன். அதிலும் ஓட்டை. மூன்றாவதில் ஒரு பக்கத்துக்கு மூன்று ஓட்டை. எனக்குக் கோபம் வந்தது. வெளிநாட்டுக்காரி, வாயில்லாதவள் என்று டேமேஜ் சரக்கையெல்லாம் என் முன்னால் அடுக்கிவிட்டாள் பார் என்று நினைத்தேன். ஆனால் கேட்க வாய் வரவில்லை. ஐந்தையும் தள்ளி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து நானே இன்னும் நான்கு ஜோடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓட்டை. கடை முழுக்க ஓட்டை.

என் பயம் உங்களுக்குப் புரியும். நாங்கள் உப்பளத்தில் வேலை பார்த்தபோது, ஒரு வருடம் யாரோ ஒரு சங்கத்தார் வந்து எல்லாருக்கும் கம்பூட்ஸ் கொடுத்தார்கள். போட்டோவும் எடுத்தார்கள். போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கினோம். மேல்வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போனது. போனது வெளியே வரவில்லை. பத்து மணி வெயிலில் அது கொதிக்க ஆரம்பித்தது. மதியம் கழற்றினால் எல்லார் காலும் வேகவைத்த வேர்க்கடலை மாதிரி தோல் சுருண்டு கிடந்தது. மறுநாள் எல்லாரும் பழையபடி வெறுங்காலோடு வந்தோம். என் அக்கா பிலோமினாவின் கம்பூட்ஸில் கோழி முட்டையிட்டது. செருப்போ பூட்ஸோ எதுவும் வரப்போடு நிற்க வேண்டும், தண்ணீர் புகும் எதையும் காலில் மாட்டக் கூடாது என்பது எங்களுக்கு அடிபட்டுத் தெரிந்த பாடம்.

கடைக்காரப் பெண் திரும்பி வந்தபோது என் முன்னால் ஒன்பது ஜோடி கவிழ்ந்து கிடந்தது. "எதுவும் பிடிக்கவில்லையா?" என்றாள். நான் விரலை ஒரு ஓட்டையில் விட்டு மறுபக்கம் நீட்டிக் காட்டினேன். அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை.

என் விரலைப் பார்த்தாள். பிறகு குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து பூட்ஸுக்குள் கவிழ்த்தாள். உள்ளே போன தண்ணீர் எல்லாம் ஓட்டை வழியாகத் தரையில் கொட்டியது. "வெளியே வருவதற்குத்தான்" என்றாள். கால் நனையாமல் இருப்பது உள்ளே இருக்கும் காலுறையின் வேலையாம். பூட்ஸின் வேலை கல்லைப் பிடிப்பது மட்டுமாம். புகுந்த தண்ணீர் தங்கினால் கால் கனக்கும், அதனால்தான் ஓட்டை.

நான் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஓட்டையை அன்றைக்கு யாராவது கம்பூட்ஸில் போட்டிருந்தால்கூட எங்கள் கால் பாதி தப்பித்திருக்கும்.

தடித்த காலுறைக்காக ஒரு அளவு பெரிய பூட்ஸ் வாங்கினேன். விலையை எழுத மாட்டேன். இந்த மலரை என் வீட்டுக்காரரும் படிப்பார்.

4

வீட்டில் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தவர், திரும்ப மூடிவிட்டு வெளியே நின்று வீட்டு நம்பரைப் பார்த்தார். "இன்னா மேரி, செப்டிக் டேங்க் எதுனா அடைச்சிக்கிச்சா?" என்றார்.

அந்த நேரம் பார்த்து அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். அவள் இன்னும் மரக்காணத்து உப்பளத்தில்தான் இருக்கிறாள். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, பின்னால் கண்ணைக் கூசும் வெள்ளை.

"ஏய், இன்னாடி இது கோலம்?"

"மீன் புடிக்கப் போறேங்கா."

"மீனு வேணும்னா மார்க்கெட்டுக்குப் போடி! இத போட்டுக்கிட்டு நின்னா மீனு செத்துப் போயிடும், சிரிச்சே."

"புடிச்சிட்டு திரும்ப வுட்டுடுவாங்களாம்."

அக்கா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உப்பு வாருகோலோடு நின்ற பெண்ணிடம் திரும்பி, "எந் தங்கச்சி நல்லாத்தான் இருந்தா" என்றாள். அங்கே நான்கு பேர் சிரித்த சிரிப்பு இங்கே எங்கள் சமையலறையில் பாத்திரத்தை அதிரவைத்தது. பின்னால் ரெஜினா வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் என் எதிரில் அப்படிச் சிரித்துப் பல காலம் ஆகியிருந்தது.

மீன் பிடிக்க உரிமம் வேண்டும். அதை அவள் கம்ப்யூட்டரில் எடுத்தாள். குடும்பப் பெயர் இல்லாமல் அந்த ஃபாரம் நகராது. என் பாஸ்போர்ட்டில் அது காலியாக இருப்பதால், இந்த நாட்டு அலுவலகங்கள் என் பெயரையே இரண்டு முறை போட்டு வைத்திருக்கின்றன. ஆகவே நான் சட்டப்படி அருள்மேரி அருள்மேரி. "டபுள் அம்மா" என்றாள் ரெஜினா. என்னைக் கேலி செய்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதி.

5

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆற்றங்கரையில் நின்றோம். நான் பூட்ஸை எல்லாம் நன்றாகக் கட்டிக்கொண்டு, ஓரத்துக்கு நடந்து போனேன். போனவள் குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"ம்மா, இன்னா பண்றே?"

"தண்ணியில எறங்கணுமே."

"அதுக்குத்தானே பூட்ஸு!"

கரை வந்தால் காலில் இருப்பதைக் கழற்றுவது என் கைக்குப் பழக்கம். மூளையைக் கேட்டு அது செய்யவில்லை. ரெஜினா பெல்ட்டை இறுக்கிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்தாள்.

கணுக்கால் வரை ஒன்றும் இல்லை. முழங்காலில் தண்ணீர் நாலு பக்கமும் இருந்து துணியை அமுக்கியது. யாரோ கெட்டியாகக் காலைக் கட்டிக்கொண்டது போல் இருந்தது. கத்தினேன். குளிர் தெரிகிறது, ஈரம் தெரியவில்லை! தண்ணீருக்குள் நிற்கிறேன், நனையவில்லை! பதினைந்து வயதிலிருந்து தண்ணீரில் நின்றவள், ஒரு நாளும் காய்ந்த காலோடு நின்றதில்லை. தொடை வரை வந்ததும் பயமா சிரிப்பா என்று தெரியாமல் ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்துகொண்டே இருந்தது.

"சத்தம் போடாதம்மா, மீன் ஓடிடும்."

ரெஜினா எனக்குக் கீழ்ப்பக்கம் பத்தடி தள்ளி நின்று வீசினாள். நான் நின்ற இடத்தில் அடியில் உருண்டைக் கற்களும் மணலும். பூட்ஸ் நன்றாகப் பிடித்தது. ஆனாலும் ஓடும் தண்ணீர் தள்ளியது. பயத்தில் என் கால்கள் தானாக ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டன. மழைக்காலம் முடிந்ததும் உப்பளத்தில் பாத்தி மிதிப்போம். தரை இறுகுவதற்காகப் பத்துப் பேர் வரிசையாக நின்று, பாதத்தைத் தூக்காமல், குதிகாலை அழுத்தி, இடம் வலம் என்று தேய்த்துத் தேய்த்து நகர்வோம். கால் தூக்கினால் வழுக்கும், தேய்த்தால் வழுக்காது. அப்படியே ஆற்றை மிதித்தேன். இடம், வலம், இடம், வலம். பயம் போய்விட்டது. ஆறு எனக்குப் பாத்தி ஆகிவிட்டது.

"ம்மா." ரெஜினாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "மெதுவா பின்னால பாரு."

எனக்குப் பின்னால், என் காலிலிருந்து கலங்கி ஓடிய தண்ணீரில், ஐந்தாறு கறுத்த முதுகுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் முழங்கை நீளம்! பந்தியில் இலை போட்டதும் உட்கார்ந்த மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடின.

"வீசு, வீசு!" என்று கத்தினேன்.

"முடியாதும்மா! நீ கல்லைக் கலக்கி அடியில இருக்கிற பூச்சியெல்லாம் கிளப்பி வுட்டுட்டே. அது வந்து சாப்பிடுது. இது சீட்டிங். மீன்புடிக்கிறவங்க யாரும் இப்படி பண்ணக் கூடாது. மிதிக்கிறத நிறுத்தும்மா!"

எதிர்க்கரையில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் தூண்டிலைத் தாழ்த்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் காது சூடானது. இதற்குத்தானே இத்தனை வருடம் எங்கேயும் போகாமல் இருந்தேன். பிள்ளையின் இடத்துக்கு வந்து, பிள்ளையின் ஆட்கள் முன்னால், பிள்ளையை அவமானப்படுத்திவிட்டேன். கரைக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன்.

"ஸாரி கண்ணு. நான் மேல போயிடறேன். நீ புடி."

"எங்க போறே?" என்றாள். கேட்டபடி என் பக்கத்தில் வந்துவிட்ட அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் வருஷக்கணக்கா கத்துக்கிட்டு ஒரு மீனுக்குத் தவம் கிடக்கிறாங்க. நீ வந்து அஞ்சு நிமிஷத்துல ஆறு மீனை சாப்பாட்டுக்கு உக்கார வச்சிட்டே!" சொல்லும்போதே அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்ததில் கால் ஒரு பாசிக்கல்லில் போனது. நான் எட்டி அவள் தோள்பட்டியைப் பிடித்தேன். நான் பிடித்ததில் அவள் நிற்கவில்லை, நானும் சேர்ந்து போனேன்.

இரண்டு பேரும் பொத்தென்று உட்கார்ந்தோம். கழுத்து வழியாகப் பனித் தண்ணீர் உள்ளே இறங்கியது. ஐயோ மாதாவே என்று நான் போட்ட சத்தத்தில் மீன் எல்லாம் கடலுக்கே போயிருக்கும். ஆனால் தண்ணீர் பெல்ட்டோடு நின்றது. கீழே கால் காய்ந்தபடி, மேலே வயிறு குடம் போல் வீங்கிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பிடித்துத் தவழ்ந்து கரை ஏறினோம். எதிர்க்கரைப் பெரியவர் தொப்பியைக் கழற்றி எங்களுக்கு ஆட்டினார். நானும் கையை ஆட்டினேன்! தெரியாத ஆளுக்கு, நானாக!

கரையில் குனிந்து தோள்வழியாகத் தண்ணீரைக் கொட்டினோம். புளிச்சாதம் சாப்பிட்டோம். ஒரு மீனும் கிடைக்கவில்லை. பாத்தி எப்படி மிதிப்பது என்று ரெஜினா கேட்டாள். கேட்டதில் ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லை. புல்லில் நின்று காட்டினேன். அவளுக்குக் குதிகால் வரவில்லை, விரலால் மிதித்தாள். திருத்தினேன். அவள் எப்போதும் என்னிடம் கேட்காத கேள்வி எல்லாம் கேட்டாள். எத்தனை பேர் மிதிப்பீங்க, பாட்டுப் பாடுவீங்களா, கால் எரியுமா, உனக்குப் பிடிச்சுதா. பிடிக்கவே இல்லை என்றேன். உண்மை அதுதான். அவள் தலையை ஆட்டினாள்.

கார் ஏறும்போது கண்ணாடியைப் பார்த்தபடியே, "அங்க என் புது வேலைக்குப் பக்கத்துல இதைவிடப் பெரிய ரிவர் இருக்குது. அடுத்த மாசம் வர்றியா?" என்றாள். பூட்ஸ் கயிறு முடிச்சு விழுந்திருந்தது. அதை அவிழ்ப்பது போல் குனிந்துகொண்டேன், முகத்தைக் காட்ட முடியவில்லை.

6

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து, ரெஜினா பத்தரை மணி பஸ்ஸில் போனாள். மழை பெய்தது. மதியம் எனக்கு டியூட்டி. மெஷினைப் போட்டுவிட்டு, ஆபீசில் லீவு ஃபாரம் ஒன்று வாங்கி எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள், அடுத்த மாதம். காரணம் என்ற இடத்தில் "மீன் பிடிக்க" என்று எழுதினேன்.